அழைக்கப்படாத அணி: சான்பிரான்சிஸ்கோ, 1951



விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டும், எந்த விளையாட்டு என்பது உங்கள் விருப்பம் என்று சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. நெடுநாளாக மனத்தில் வைத்திருக்கும் ஓர் அணி உண்டு. நம் ஊருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த ஆட்டத்தை நம்மில் பெரும்பாலோர் தொலைக்காட்சியில்கூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டோம். ஆனாலும் அந்த அணியின் கதை நம் இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

1951ஆம் ஆண்டின் சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகக் கால்பந்து அணி. டான்ஸ் என்பது அதன் பெயர். அந்தப் பருவத்தில் ஒன்பது ஆட்டம் ஆடினார்கள், ஒன்பதிலும் வென்றார்கள். பருவம் முடிந்ததும் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் பெரிய ஆட்டங்கள் அமெரிக்காவில் உண்டு. அவற்றில் ஒன்றுகூட இவர்களை அழைக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்தக் கல்லூரியில் கால்பந்து அணியே இல்லை. ஒரே ஒரு பருவத்துக்குள் இவ்வளவும் நடந்தது.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அல்ல. பந்து நீள்வட்டமாக இருக்கும். பெரும்பாலும் கையில்தான் இருக்கும். நூறு கெஜம் நீளமுள்ள மைதானம், பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தருவார்கள். அதற்குள் பத்துக் கெஜமாவது முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. அதன்பின் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் இன்னொரு புள்ளி. பந்து வைத்திருப்பவரைச் சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கிவிட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. கபடியில் பாடிப் போகிறவரை நாலைந்து பேர் சேர்ந்து அமுக்குகிறார்களே, அந்த அமுக்கல் ஒவ்வொரு நிமிடமும் மைதானம் முழுக்க நடந்துகொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவு புரிந்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1855இல் இயேசு சபைப் பாதிரியார்கள் தொடங்கிய கல்லூரி. பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அவர்கள் ஆடியது கோல்டன் கேட் பூங்காவின் ஓரத்தில் இருந்த கெசார் மைதானத்தில். அந்தக் காலத்தில் கத்தோலிக்கக் கல்லூரிகள் பலவும் கால்பந்தில் பேர் வாங்கியிருந்தன. ஆனால் போருக்குப் பின் செலவு ஏறிக்கொண்டே போனது. உதவித்தொகை, பயணம், உடை, பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் சேர்ந்து சின்னக் கல்லூரிகளை நெருக்கின. பக்கத்தில் இருந்த செயின்ட் மேரீஸ் கல்லூரி 1950 பருவத்தோடு அணியைக் கலைத்துவிட்டது. டான்ஸ் அணியின் தலைக்கு மேலும் அந்தக் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய பருவம், அதன் முடிவில் ஒரு பெரிய ஆட்டம், அதிலிருந்து வரும் பணம். கல்லூரியில் கால்பந்து பிழைக்க வேண்டுமென்றால் இது நடக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

பயிற்சியாளர் ஜோ குஹாரிச். நோட்ர டேம் கல்லூரியில் ஆடியவர், கண்டிப்புக்குப் பேர் போனவர். கோடையில் பையன்களைக் கலிபோர்னியாவின் வடபகுதியில் கார்னிங் என்ற சிற்றூருக்குக் கூட்டிப் போவார். கடலோரத்து மூடுபனியிலும் குளிர்காற்றிலும் பழகியவர்களை வறண்ட பள்ளத்தாக்கு வெயிலில் நிறுத்தி ஓடவைப்பார். அந்த முகாமைத் தாக்குப்பிடித்தவர்கள்தான் அணி. அப்படித் தேறியவர்கள் முப்பது பேருக்குச் சற்று மேல். பெரிய கல்லூரிகளிடம் இருந்த ஆள்பலத்தில் பாதிகூட இல்லை. தாக்குதலில் ஆடியவர்களே தடுப்பிலும் நின்றார்கள்.

அந்த ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் முடிவுகளைச் சொன்னால் வெறும் எண்ணாகப் போய்விடும்.

ஆலி மேட்சன், டெக்சாஸ் மாநிலத்து ட்ரினிட்டியில் 1930இல் பிறந்தவர். சிறுவனாகவே சான்பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்த கறுப்பினக் குடும்பம். பெரிய உடம்பு, அதற்குப் பொருந்தாத வேகம். தடகள ஓட்டத்திலும் நாட்டின் முன்வரிசைக்காரர். பர்ல் டோலர் டென்னசி மாநிலத்து மெம்பிசிலிருந்து வந்தவர், அவரும் கறுப்பினத்தவர். இருவரும் முதலில் சான்பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்து ஆடினார்கள். 1948இல் அந்த அணி பன்னிரண்டு ஆட்டங்களிலும் வென்றது. அங்கிருந்துதான் டான்ஸ் அணிக்கு வந்தார்கள். ஓடுவது மேட்சனின் வேலை. எதிரணியில் ஓடிவருகிறவனை நிறுத்துவது டோலரின் வேலை. அந்த அணியிலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரர் டோலர்தான் என்று கூட ஆடியவர்கள் பலரும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். மேட்சனும் மற்றவர்களும் என்ன ஆனார்கள் என்று பிறகு கேட்கும்போது இதன் எடை உங்களுக்குத் தெரியும்.

ஜினோ மார்ச்செட்டி இத்தாலியிலிருந்து வந்த பெற்றோரின் மகன். பதினெட்டு வயதில் படையில் சேர்ந்து ஐரோப்பாவில் இயந்திரத் துப்பாக்கிக்காரராகப் போரிட்டுத் திரும்பியவர். பாப் செயின்ட் கிளேர் ஆறடி ஒன்பது அங்குலம். பந்தைக் குறிபார்த்து வீசி ஆட்டத்தை நடத்தியவர் எட் பிரவுன். அணியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பும் பொறுப்பில் பீட் ரோசெல் என்ற இளைஞர் இருந்தார். அதே கல்லூரியில் படித்து முடித்தவர். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம் செப்டம்பரில் தொடங்கியது. சான் ஹோசே ஸ்டேட் அணியை 39–2 என்று வென்றார்கள். ஐடஹோவை 28–7. கேம்ப் பெண்டில்டன் மரைன் படை வீரர்களின் அணியை ஒரு புள்ளிகூட எடுக்க விடாமல் தோற்கடித்தார்கள். மறுபடி சான் ஹோசே, 42–7. இந்த நான்கையும் வேகமாகக் கடக்கிறேன். காரணம், வெளியில் யாரும் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. மேற்குக் கரையில் ஒரு சின்னக் கல்லூரி சின்ன அணிகளை அடிக்கிறது என்பதுதான் கிழக்குக் கரைப் பத்திரிகைகளின் எண்ணம். அந்த எண்ணத்தில் ஓரளவு நியாயமும் இருந்தது. படைமுகாம் அணிகளோடு ஆட வேண்டிய நிலையில்தான் அவர்கள் இருந்தார்கள். பெரிய கல்லூரிகள் இவர்களோடு ஆட நாள் ஒதுக்கவில்லை.

அக்டோபரில் நியூயார்க் போனார்கள். எதிரணி ஃபோர்டாம், அதுவும் இயேசு சபைக் கல்லூரி, ஒரு காலத்தில் நாடறிந்த அணி. அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஆட்டம் தொடங்கும்போதும், ஓர் அணி புள்ளி எடுத்தபிறகும், அந்த அணி பந்தை உயர உதைத்து எதிரணிக்கு அனுப்பும். அதைப் பிடிக்கிறவர் தன் எல்லைக்குப் பக்கத்தில் தனியாக நிற்பார். பந்து காற்றில் இருக்கும்போதே உதைத்த அணியின் பதினொரு பேரும் அவரை நோக்கி முழு வேகத்தில் ஓடி வருவார்கள். பிடித்து இருபது கெஜம் முன்னேறினாலே நல்ல ஓட்டம். முழு மைதானத்தையும் ஓடிக் கடப்பது ஒரு பருவத்தில் ஓர் அணிக்கு ஒருமுறை வாய்த்தால் பெரிது. மேட்சன் அன்று ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை அதைச் செய்தார். இரண்டும் தொண்ணூறு கெஜத்துக்குக் குறையாத ஓட்டங்கள். அவருக்கு வழி எப்படிக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். முன்னால் ஓடும் பத்துப் பேர் ஆளுக்கொருவரை மறித்து விழுத்தினால்தான் நடுவில் ஒரு சந்து திறக்கும். அது மூன்று நான்கு நொடிதான் திறந்திருக்கும். மேட்சன் பெரிய ஆள் என்பதால் சந்து கொஞ்சம் அகலமாகவே வேண்டும். அதை அவருக்குத் திறந்துவிட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள், தங்கள் தோளையும் முட்டியையும் கொடுத்துத் திறந்தவர்கள். பின்னால் நடந்ததை நான் அந்தச் சந்திலிருந்துதான் புரிந்துகொள்கிறேன்.

ஃபோர்டாம் விட்டுக்கொடுக்காமல் ஆடியது. முடிவு 32–26. பருவத்தில் டான்ஸ் அணிக்கு நெருக்கமாக வந்த ஒரே ஆட்டம் அதுதான். மற்ற எட்டு ஆட்டங்களில் எந்த எதிரணியும் பதினான்கு புள்ளிக்கு மேல் எடுக்கவில்லை. நியூயார்க் நிருபர்கள் கண்ணெதிரே பார்த்துவிட்டதால், அதன்பின் மேட்சன் பெயர் நாடெங்கும் பரவியது.

அதே அக்டோபரில், 20ஆம் தேதி, ஓக்லஹோமா மாநிலத்து ஸ்டில்வாட்டரில் இன்னொரு கல்லூரி ஆட்டம் நடந்தது. டிரேக் கல்லூரியின் ஜானி பிரைட் என்ற கறுப்பின ஆட்டக்காரரை, பந்து அவர் கையில் இல்லாதபோது, எதிரணி ஆள் ஒருவர் திரும்பத் திரும்ப முகத்தில் தாக்கினார். முதல் ஏழு நிமிடத்துக்குள் மூன்று முறை நினைவிழந்து விழுந்தார் பிரைட். தாடை உடைந்தது. டெ மாயின் ரெஜிஸ்டர் பத்திரிகையின் இரண்டு புகைப்படக்காரர்கள் அதை அடுத்தடுத்து எடுத்த படங்களுக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. கறுப்பின இளைஞர் ஒருவர் நன்றாக ஆடினால் அன்றைய அமெரிக்காவில் என்னென்ன நேரலாம் என்பது ஊரறிந்த செய்தி. மேட்சனுக்கும் டோலருக்கும் அது தெரியும். அவர்களோடு ஆடிய மற்றவர்களுக்கும் தெரியும்.

ஊர் திரும்பி சான் டியாகோ கடற்படை அணியையும், பக்கத்துப் பகைவரான சாண்டா கிளாராவையும் வென்றார்கள். நவம்பர் நடுவில் ஸ்டாக்டன் நகரில் காலேஜ் ஆஃப் த பசிபிக் அணியோடு ஆட்டம். இதில் வெல்கிறவர்களுக்குப் பருவ முடிவின் பெரிய அழைப்பு நிச்சயம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். டான்ஸ் 47, பசிபிக் 14. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

கடைசி ஆட்டம் லாஸ் ஏஞ்சலிஸ் லயோலா கல்லூரியோடு, பாசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கில். 20–2. லயோலா எடுத்த அந்த இரண்டு புள்ளிக்கு அர்த்தம், எதிரணியால் டான்ஸ் எல்லைக்கோட்டை ஒருமுறைகூடப் பந்தோடு தாண்ட முடியவில்லை என்பதுதான். பருவத்தை அப்படித்தான் தொடங்கினார்கள், சான் ஹோசேயின் இரண்டு புள்ளியோடு. முடித்ததும் அப்படியே.

ஒன்பது ஆட்டத்தில் மேட்சன் ஓடிக் கடந்த தூரம் 1,566 கெஜம், எடுத்த டச்டவுன் 21. அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம். அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில் அணிக்குப் பதினான்காம் இடம். சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதுக்கு வாக்களித்தவர்கள் மேட்சனுக்கு ஒன்பதாம் இடம் கொடுத்தார்கள். பிரின்ஸ்டனின் டிக் கஸ்மையர் பரிசு பெற்றார். அவர் நல்ல ஆட்டக்காரர், அதில் ஐயமில்லை. ஆனால் மேட்சனுக்கு ஒன்பதாம் இடம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது அழைப்பைப் பற்றி. பருவம் முடிந்ததும் புத்தாண்டையொட்டி நடக்கும் ஆட்டங்களைப் பவுல் ஆட்டங்கள் என்பார்கள். ஒவ்வொன்றையும் அந்தந்த நகரத்துக் குழு ஒன்று நடத்தும். வணிகர்கள், ஓட்டல் முதலாளிகள், ஊர்ப் பெரியவர்கள் அடங்கிய குழு. யாரை அழைப்பது என்பது அவர்கள் விருப்பம். மிகப் பெரியதான ரோஸ் பவுல் 1947 முதல் இரண்டு கல்லூரிக் கூட்டமைப்புகளுக்கு ஒப்பந்தத்தில் போய்விட்டது. எந்தக் கூட்டமைப்பிலும் சேராத டான்ஸ் அணிக்கு அங்கே இடமில்லை. மீதிப் பெரிய ஆட்டங்கள் மியாமியின் ஆரஞ்ச் பவுல், நியூ ஆர்லியன்ஸின் சுகர் பவுல், ஜாக்சன்வில்லின் கேட்டர் பவுல், டல்லாசின் காட்டன் பவுல். எல்லாமே தென் மாநிலங்களில். பள்ளி, பேருந்து, உணவகம், அரங்க இருக்கை என்று எல்லாவற்றிலும் கறுப்பினத்தவரைச் சட்டம் போட்டுத் தனியே ஒதுக்கிய மாநிலங்கள்.

ஆரஞ்ச், சுகர், கேட்டர் மூன்றும் கறுப்பின ஆட்டக்காரர்கள் உள்ள அணிகளை அழைப்பதில்லை என்று கேட்டர் பவுல் தலைவரே தன்னிடம் சொன்னதாகச் சான்பிரான்சிஸ்கோ ஒலிபரப்பாளர் ஒருவர் அப்போதே வெளியிட்டார். ஆட்டக்காரர்கள் பின்னாளில் ஒருமித்துச் சொன்னது இன்னொன்று. மேட்சனையும் டோலரையும் ஊரில் விட்டுவிட்டு வந்தால் ஆடலாம் என்ற நிபந்தனை அவர்கள் காதுக்கு வந்தது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். வாக்கெடுப்பு நடக்கவில்லை, கூட்டம் போட்டு விவாதிக்கவும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேள்வியாகவே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் நம் கதைசொல்லும் வழக்கம் ஒன்று குறுக்கே வரும். இருபது வயதுப் பையன்கள் வரலாற்றைப் புரட்டப் புறப்பட்டார்கள் என்று சொல்ல ஆசை வரும். அவர்களே அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. சமூகப் புரட்சி செய்கிறோம் என்று அவர்கள் எண்ணவில்லை. கார்னிங் வெயிலில் சேர்ந்து வெந்தவர்கள். தான் விழுந்து இன்னொருவனுக்கு வழி திறந்தவர்கள். அந்த இருவர் இல்லாமல் அந்த அணியே இல்லை என்பதை ஒன்பது வாரமாக உடம்பால் அறிந்தவர்கள். அவர்களை விட்டுவிட்டு ஆடும் ஓர் அணியை அவர்களால் கற்பனை செய்யவே முடியவில்லை. அதனால்தான் எனக்கு அவர்கள்மேல் இவ்வளவு மதிப்பு. கொள்கை பேசி எடுக்கும் முடிவை நாளைக்கு இன்னொரு கொள்கை பேசி மாற்றிவிடலாம். இது அப்படிப்பட்ட முடிவல்ல.

விலையையும் சொல்ல வேண்டும். அந்த அணியில் எல்லோரும் மார்ச்செட்டி இல்லை. கல்லூரியோடு ஆட்டம் முடிந்துபோகப் போகிற பையன்கள் பாதிக்கு மேல். நாடே பார்க்கும் ஓர் ஆட்டத்தில் ஒருமுறை ஆடிவிட்டு, அதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு வாழ்வதுதான் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பரிசு. அதை விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். பெயர் பெற்ற நால்வரை விட, பெயர் வெளியே வராத அந்தப் பையன்களைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன்.

1952 புத்தாண்டு நாள். ஆரஞ்ச் பவுலில் ஜார்ஜியா டெக் 17–14 என்று பெய்லரை வென்றது. சுகர் பவுலில் மேரிலாண்ட் டென்னசியை வென்றது. கேட்டர் பவுலில் மியாமி கிளெம்சனை வென்றது. டெக்சாசின் எல் பாசோவில் சன் பவுல் என்ற சற்றுச் சிறிய ஆட்டம். அதில் டெக்சாஸ் டெக்கோடு ஆட அழைக்கப்பட்ட அணி எது தெரியுமா? காலேஜ் ஆஃப் த பசிபிக். டான்ஸிடம் 47–14 என்று தோற்ற அதே அணி.

ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். அந்தப் பசிபிக் அணியிலும் எடி மேக்கன் என்ற கறுப்பின ஆட்டக்காரர் இருந்தார். அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1948இல், டல்லாசின் காட்டன் பவுலில் வாலி டிரிப்லெட், டென்னி ஹாகர்ட் என்ற இரு கறுப்பின ஆட்டக்காரர்களோடு பென் ஸ்டேட் அணி வந்து ஆடியது. 13–13 என்று சமமாக முடிந்தது. வானம் இடிந்து விழவில்லை. அந்தக் காலம் அப்படி, என்ன செய்வது என்று இன்றைக்கும் சிலர் சமாதானம் சொல்வார்கள். அதே காலத்தில், அதே தென்பகுதியில், ஒரு நகரத்துக் குழுவால் முடிந்தது இன்னொரு நகரத்துக் குழுவால் ஏன் முடியவில்லை? காலத்தின்மேல் பழி போட்டால் முடிவெடுத்த மனிதர்கள் தப்பித்துக்கொள்வார்கள். மியாமியிலும் நியூ ஆர்லியன்சிலும் ஜாக்சன்வில்லிலும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒரு தேர்வு செய்தார்கள். அதற்கு அவர்கள்தான் பொறுப்பு.

அழைப்பு இல்லை, ஆகவே பணமும் இல்லை. பருவம் முடிந்த கையோடு கல்லூரி கால்பந்தைக் கைவிட்டது. கடைசியாகத் தோற்ற லயோலாவும் அந்த ஆண்டோடு நிறுத்தியது. சாண்டா கிளாரா 1952க்குப் பிறகு, ஃபோர்டாம் 1954க்குப் பிறகு. கத்தோலிக்கக் கல்லூரிகளின் ஒரு தலைமுறைக் கால்பந்து அப்படி முடிந்தது. படிப்பு மீதமிருந்த செயின்ட் கிளேர் கடைசி வருடம் ஆடுவதற்காக டல்சா பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனார். குஹாரிச் சிகாகோ கார்டினல்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளராகப் போனார்.

மேட்சனும் அதே கார்டினல்ஸுக்குத் தேர்வானார், நாட்டின் தேர்வு வரிசையில் மூன்றாவது ஆளாக. ஆனால் முதலில் ஹெல்சின்கி போனார். 1952 ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம், 4 × 400 தொடர் ஓட்டத்தில் வெள்ளி. இரண்டிலும் அமெரிக்காவை முந்தியது ஜமைக்கா. 1959இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி ஒன்பது ஆட்டக்காரர்களைக் கொடுத்து அவர் ஒருவரை வாங்கியது. அந்தப் பேரத்தைப் பேசி முடித்த ராம்ஸ் மேலாளர் யார்? நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தப் பீட் ரோசெல். மறு ஆண்டு, முப்பத்து மூன்று வயதில், தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பு முழுவதற்கும் ஆணையரானார். 1989 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

மார்ச்செட்டி பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் தூண். 1958 இறுதிப் போட்டியில் கால் உடைந்தது. தூக்குப்படுக்கையில் கிடந்தபடி, உள்ளே கொண்டுபோக விடாமல், மைதானத்தின் ஓரத்திலிருந்து அணியின் ஆட்டத்தைப் பார்த்தார். கூடுதல் நேரத்தில் நியூயார்க்கை 23–17 என்று வென்றார்கள். செயின்ட் கிளேர் சான்பிரான்சிஸ்கோவின் 49அர்ஸ் அணிக்கு ஆடினார், ஆடிக்கொண்டிருந்தபோதே டேலி சிட்டியின் மேயராகவும் இருந்தார். கெசார் மைதானத்தின் ஆடுகளத்துக்கு இப்போது அவர் பெயர்தான். மேட்சன், மார்ச்செட்டி, செயின்ட் கிளேர் மூவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மன்றத்தில் இடம் பெற்றவர்கள். ஒரே கல்லூரியின் ஒரே பருவத்து அணியிலிருந்து மூன்று பேர்.

டோலர்? கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1952 கோடையில், கல்லூரி நட்சத்திரங்கள் தொழில்முறை வாகையரோடு ஆடும் கண்காட்சி ஆட்டத்தில் அவர் முழங்கால் சிதைந்தது. ஒருநாள்கூடத் தொழில்முறை ஆட்டம் ஆடாமலே எல்லாம் முடிந்தது. பள்ளி ஆசிரியரானார். 1965இல் ரோசெல் ஆணையராக இருந்த கூட்டமைப்பு அவரை ஆட்ட நடுவராக எடுத்தது. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுக் கூட்டமைப்புகள் எதிலும் அதற்குமுன் கறுப்பின நடுவர் இருந்ததில்லை. அவர் பார்த்தது பக்கக்கோட்டு நடுவர் வேலை. பத்துக் கெஜம் ஆயிற்றா என்று சங்கிலி பிடித்து அளக்கும் ஆட்கள் அவர் கண்காணிப்பில் இருப்பார்கள். ஓர் அங்குலத்தில் ஆட்டம் திரும்பும். எழுபதாயிரம் பேர் கூச்சலிட, இரண்டு பக்கப் பயிற்சியாளர்களும் காதில் கத்த, சங்கிலி இறுகும்வரை பொறுத்து நின்று, பந்தின் மூக்கு எங்கே என்று குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையை இருபத்தைந்து பருவம் பார்த்தார். 1980 ஜனவரியில் பதினான்காம் சூப்பர் பவுல். அந்த இறுதி ஆட்டத்தில் நடுவராக நின்ற முதல் கறுப்பினத்தவர் டோலர். நடந்த இடம் பாசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கம், அவர் கல்லூரி அணிக்காகக் கடைசியாக ஆடிய அதே அரங்கம்.

இதற்கு நடுவே, 1968இல், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். சான்பிரான்சிஸ்கோ நகரத்து உயர்நிலை வகுப்புப் பள்ளிகளில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். அந்தப் பள்ளி வளாகம் பின்னர் அவர் பெயரைப் பெற்றது. புகழ் மன்றத்து மூவரின் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு வியப்பு வருகிறது. டோலரின் வாழ்க்கையைப் படிக்கும்போது நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது.

கல்லூரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கால்பந்து போனபின் அங்கே கூடைப்பந்து எழுந்தது. பில் ரசல், கே.சி. ஜோன்ஸ் என்ற கறுப்பின ஆட்டக்காரர்களோடு 1955, 1956 இரண்டு ஆண்டும் தேசிய வாகை சூடியது. 1954 டிசம்பரில் அந்த அணி ஒரு போட்டிக்காக ஓக்லஹோமா சிட்டி போயிருந்தபோது, ஓட்டல்கள் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அறை தர மறுத்தன. அணி முழுவதும் ஓட்டலை விட்டு, விடுமுறையில் பூட்டிக்கிடந்த ஒரு கல்லூரி விடுதியில் சேர்ந்து தங்கியது. அதை வெறும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மூத்த மாணவர்கள் என்ன செய்தார்கள் என்பது ஒரு கல்லூரி வளாகத்தில் எளிதில் மறந்துபோகாது.

மரியாதைகள் தாமதமாக வந்தன. 2000ஆம் ஆண்டு அமெரிக்கச் செனட் சபை அந்த அணியைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. 2006இல் பல்கலைக்கழகம் உயிரோடு இருந்த ஆட்டக்காரர்களுக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது. ஐம்பது ஆண்டுக்கு மேல் கழித்து வந்த மரியாதை. பெற்றுக்கொள்ளக் காத்திராமல் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. அந்தப் பட்டத்துக்குப் பிறகு டோலர் 2009இலும் மேட்சன் 2011இலும் காலமானார்கள்.

பேச்சு முடிந்ததும் யாராவது கேட்பீர்கள் என்பதால் இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அழைத்திருந்தால் வென்றிருப்பார்களா? ஜார்ஜியா டெக் அந்த ஆண்டு தோல்வியே காணாத அணி. தென்பகுதியின் வலுவான அணிகளை எதிர்த்து ஆடிய அனுபவம் டான்ஸுக்கு இல்லை. ஆட்கள் குறைவு, நான்காம் கால்பகுதியில் களைத்திருப்பார்கள். இவை எல்லாம் நியாயமான வாதங்கள். ஆனால் மார்ச்செட்டியும் செயின்ட் கிளேரும் டோலரும் நிற்கும் முன்வரிசையைக் கிழித்துக்கொண்டு ஓடக்கூடிய கல்லூரி அணி அன்றைக்கு எங்கும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மேட்சனுக்கு ஒரே ஒரு உதை பந்து சரியாகக் கையில் விழுந்திருந்தால் போதும். ஆரஞ்ச் பவுலில் ஜார்ஜியா டெக் மூன்று புள்ளி வித்தியாசத்தில்தான் தப்பித்தது. என்னைக் கேட்டால், டான்ஸ் வென்றிருக்கும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கேளுங்கள், பேசலாம்.